சீத்தைத் துணியின் கதை

அண்மையில் அம்மாவின் தகரப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது, அடியில் ஒரு பழைய சீத்தைச் சட்டை கிடைத்தது. தீபாவளி முற்பணத்தில் அட்டன் கடையொன்றில் துணி எடுத்து அம்மாவே தைத்ததாம். சிவப்புப் பூக்கள் இன்னும் மங்கவில்லை.

"இந்தப் பூவ யாரும்மா வரைஞ்சாங்க?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன், சகோதரிகளே.

அம்மாவின் சட்டை ஆலைத் துணிதான். ஆனால் சீத்தை முதலில் கையால் அச்சிடப்பட்டது. ஆந்திராவில் மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். தேக்குக் கட்டையில் பூவைச் செதுக்கி, மையில் தோய்த்து, துணியில் வைத்துக் கையால் தட்டுவார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை. ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழவேண்டும். சீனாவில் நான்ஜிங் நகரத்து ஹூ செங்யான் 1633இல் முடித்த வண்ண ஓவிய நூலும் இப்படிப் பல கட்டைகளால் அச்சிட்டதே. அங்கே துணிக்குப் பதில் கடதாசி.

சாயம் போகாததற்கும் காரணம் உண்டு. துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் நனைத்துக் காயவைப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரை அச்சிடுவார்கள். பிறகு சாயவேரோடு கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து நிலைத்துவிடும்.

அந்தச் சாயவேர் நம் நாட்டில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் கிடைத்தது. ஒல்லாந்தர் காலத்தில் அதைத் தோண்டிக் கம்பனிக்குக் கொடுப்பது ஒரு சாராருக்குக் கட்டாய ஊழியமாக இருந்தது.

ஐரோப்பியப் பெண்கள் இத்துணியை மிகவும் விரும்பினார்கள். தங்கள் நெசவுத் தொழிலைக் காக்க பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து 1721இலும் தடைச் சட்டம் கொண்டுவந்தன. 1783இல் தோமஸ் பெல் என்பவர் செப்பு உருளையால் துணியில் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் ஆலைத் துணி மலிவாக வந்து குவிய, கட்டை பிடித்தவர்களின் பிழைப்பு குலைந்தது.

இதையெல்லாம் சொன்னதும் மகள், "அவங்க பேரெல்லாம் என்னம்மா?" என்றாள். யாரும் எழுதி வைக்கவில்லையே! தேயிலைப் பெட்டியிலும் தோட்டத்தின் பெயர் இருக்கிறது; முப்பது வருடம் கொழுந்தெடுத்த என் அம்மாவின் பெயர் இல்லை.

அன்றிரவே மகள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அம்மாயியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்த வயதில் பேர் பதிந்தார், எந்தெந்த மலையில் கொழுந்தெடுத்தார் என்று கேட்டு எழுதினாள். உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கும். இன்றே கேட்டு எழுதுங்கள்.