ஹைதரின் வாளும் திப்புவின் சட்டமும்



வாளால் பிடித்த ஆட்சியைத் தந்தை விட்டுச் செல்ல, மகன் அதனைச் சட்டத்தால் நடத்த முயன்ற வரலாறு ஒன்று நம் காவிரிக் கரைக்கு உண்டு. திப்பு சுல்தானின் வீரத்தைப் போற்றும் நாம், அவர் பெற்ற அதிகாரம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

1761-இல் ஹைதர் அலி மைசூரின் அதிகாரத்தைக் கைப்பற்றினார். உடையார் மன்னர் பெயரளவிலேயே அரியணையில் இருந்தார். 1781-இல் ஹைதரின் படை தஞ்சைச் சீமைக்குள் புகுந்தது. பகை ஆங்கிலேயரோடு, பட்டினியோ உழவனுக்கு! பாசனக் கரைகள் உடைந்தன. கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. விளைச்சல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது என்பர். அந்தக் காலத்திற்கு ‘ஹைதர் கலாபம்’ என்றே பெயர் நிலைத்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணத்தை அடுத்த அன்னகுடியில் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையை முறியடித்தவர் திப்புதான். ஆதலின் அந்தப் போரில் மகனுக்குப் பங்கில்லை என்று கூறிவிட இயலாது.

1782 டிசம்பர் 7-இல் ஹைதர் மறைந்தார். மலபாரில் இருந்த திப்பு வந்து சேரும்வரை மரணச் செய்தி மறைக்கப்பட்டது.

ஆட்சிக்கு வந்த திப்பு, அதிகாரிகளின் கைகளைக் கட்டும் விதிகளை எழுதச் செய்தார். வரி வசூலைக் குத்தகைக்கு விடுவதைக் குறைத்து, சம்பளம் பெறும் அலுவலர்களிடம் அதனை ஒப்படைத்தார். அவர்கள் குடியானவனிடம் கூலியின்றி வேலை வாங்கலாகாது. ஏழை உழவனுக்கு ஏர் வாங்க முன்பணம் தர வேண்டும். தரிசு நிலத்தைத் திருத்துபவனுக்கு வரிச்சலுகை உண்டு. கள், சாராய வருமானத்தையும் இழக்கத் துணிந்தார். காவிரியில் அணை கட்ட அவர் எண்ணியதைக் கூறும் பாரசீகக் கல்வெட்டு இன்றும் கிருஷ்ணராஜ சாகரில் இருக்கிறது. (அந்த அணையின் பெயரைக் கேட்டாலே நம் விவசாயி பெருமூச்சு விடுவான், அது வேறு கதை!) அந்த நீரால் புதிதாகப் பயிரிடுவோருக்கு வரியில் நான்கில் ஒரு பங்கு தள்ளுபடி என்கிறது கல்வெட்டு.

ஆனால் சகோதரர்களே, அதிகாரியைக் கட்டிய சட்டம் அரசரைக் கட்டியதா? இல்லை. 1786-இல் அவரே பாதுஷா என்னும் பட்டம் சூடினார். 1796-இல் உடையார் இறந்தபோது, அந்தப் பெயரளவு அரியணைக்கும் வேறொருவரை அமர்த்தவில்லை. மராட்டியர் சூறையாடிய சிருங்கேரி மடத்திற்குப் பொருளுதவி அனுப்பியவர் அவரே. குடகிலும் மலபாரிலும் எதிர்த்தோரைக் கூட்டமாகச் சிறைபிடித்தவரும் அவரே. முதலாவதை மேடையில் முழங்கி இரண்டாவதை விழுங்குவது நேர்மையன்று. கருணையும் கடுமையும் ஒருவரின் விருப்பத்தையே சார்ந்திருந்தன. தடுத்துக் கேட்க ஓர் அவையும் இல்லை.

1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. திப்பு களத்தில் மாண்டார். அவருடைய விதிகளைக் காக்கும் பொறுப்பு வேறு எவரிடமும் இல்லை. ஐந்து வயது உடையார் சிறுவனை ஆங்கிலேயர் அரியணையில் அமர்த்தினர். அதே ஆண்டு அக்டோபர் 25-இல், ஆற்றின் இந்தப் பக்கம், இரண்டாம் சரபோஜி தஞ்சையின் ஆட்சிப் பொறுப்பைக் கம்பெனிக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.