தாய்நலத்திற்கான மிதிவண்டி நிதிதிரட்டல்

தாய்நலத்திற்கான மிதிவண்டி நிதிதிரட்டல் என்பது கருவுற்ற பெண்களின் நலனுக்கும் பாதுகாப்பான மகப்பேற்றுக்கும் பணம் சேர்க்கும் பொருட்டுத் தன்னார்வலர்கள் மேற்கொள்ளும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணம் ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் இவ்வகை நிதிதிரட்டல் பரவலாக உள்ளது. அங்குள்ள டிரான்ஸ்எய்ட் என்னும் தொண்டு நிறுவனம் ஆப்பிரிக்க நாடுகளில் இத்தகைய பயணங்களை நடத்தியுள்ளது. சாம்பியாவின் ஊர்ப்புறங்களில் மிதிவண்டி அவசர ஊர்திகளை அறிமுகப்படுத்திய திட்டங்களிலும் அந்நிறுவனம் பங்காற்றியுள்ளது.

பின்னணி

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2020 இல் கருவுற்ற காலத்திலும் மகப்பேற்றின்போதும் அதன் பின்னரும் ஏறத்தாழ 2,87,000 பெண்கள் இறந்தனர். இது ஒரு நாளைக்குச் சுமார் 800 பேர் ஆகும். இவற்றுள் ஏறக்குறைய 70 விழுக்காடு இறப்புகள் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தவை. பெரும்பாலானவை தடுக்கக் கூடியவை. குழந்தை பிறந்தபின் ஏற்படும் கடும் குருதிப்போக்கு, நலமாக இருந்த பெண்ணின் உயிரையும் சில மணி நேரத்தில் பறித்துவிடும். பிள்ளை பிறந்தவுடன் போடப்படும் ஆக்சிடோசின் ஊசி இந்த ஆபத்தைக் குறைக்கிறது.

தாடியஸ், மெய்ன் ஆகியோர் 1994 இல் வெளியிட்ட கட்டுரை, இவ்விறப்புகளுக்கு மூன்று தாமதங்களைக் காரணமாகக் காட்டியது.

1. மருத்துவ உதவியை நாட முடிவெடுப்பதில் தாமதம்
2. மருத்துவ நிலையத்தைச் சென்றடைவதில் தாமதம்
3. சென்றடைந்தபின் உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம்

மிதிவண்டி அவசர ஊர்தி

இது இரண்டாவது தாமதத்தைக் குறைப்பதற்கானது. படுக்கை பொருத்திய இருசக்கர இழுவண்டி ஒன்று சாதாரண மிதிவண்டியின் பின்னால் இணைக்கப்படும். வெயில், மழையிலிருந்து காக்க மேற்கூரை இருக்கும். இதற்கு எரிபொருள் வேண்டியதில்லை. கார் செல்ல இயலாத ஒற்றையடிப் பாதையிலும் செல்லும். பழுதானால் ஊரிலேயே சரிசெய்யலாம். ஊர்த் தன்னார்வலர்கள் இதை ஓட்டவும் பராமரிக்கவும் பயிற்சி பெறுகின்றனர்.

நிதி திரட்டும் முறை

பங்கேற்பவர் பதிவுக் கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட தொகையைத் திரட்டுவதாக உறுதியளிப்பார். பின்னர் உற்றார், நண்பர், உடன் பணிபுரிவோர் ஆகியோரிடம் நன்கொடை கேட்பார். பயணச் செலவை இரு வழிகளில் ஈடுசெய்யலாம். ஒன்றில், திரட்டிய தொகையின் ஒரு பகுதி பயணச் செலவுக்குப் போகும். மற்றொன்றில், பங்கேற்பவரே தம் செலவை ஏற்பதால் நன்கொடை முழுவதும் தொண்டுக்குச் சேரும். நன்கொடை அளிப்போர் எந்த முறை என்பதைக் கேட்டறிவது நல்லது. ஐக்கிய இராச்சியத்தில் வருமான வரி செலுத்துவோர் 'கிஃப்ட் எய்ட்' திட்டத்தின் கீழ் அளிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் தொண்டு நிறுவனம் அரசிடமிருந்து 25 பென்சு கூடுதலாகப் பெறலாம்.

வரம்புகள்

செங்குத்தான மேடு, ஆழமான மணல், மழைக்காலச் சேறு ஆகியவற்றில் இவ்வூர்தியை ஓட்டுவது கடினம். பேறுகால வலியில் இருக்கும் பெண் ஊரார் காணத் திறந்த வண்டியில் செல்லக் கூச்சப்படுவதும் உண்டு. சென்றடையும் இடத்தில் பயிற்சி பெற்ற தாதியும் மருந்தும் குருதியும் இல்லையெனில் விரைந்து சென்றும் பயனில்லை. ஆகவே ஊர்தி வழங்குவதோடு, ஆபத்து அறிகுறிகளைக் குடும்பத்தினருக்குக் கற்பித்தல், அவசரச் செலவுக்கான ஊர்ச் சேமிப்பு நிதி, மருத்துவ நிலையங்களை வலுப்படுத்தல் ஆகியவையும் இணைந்து நடைபெற வேண்டும்.