ஏவாமல் இயங்கும் உடல்: முத்துக்குளித்துறையின் சான்று

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலும், அதற்குத் தெற்கே காயல்பட்டினமும், வடக்கே பழையகாயலும், இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி வயல்களுக்கிடையே நிற்கும் கொற்கையும் சேர்ந்த சிறிய கடற்கரைப் பகுதி, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் உலகுக்கு முத்து வழங்கிய பகுதியாகும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் குறிப்பு, பாண்டியருக்கு உரிய கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகக் கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தின் செல்வச் செழிப்பைப் பாராட்டியிருக்கிறார். அவர் கண்ட காயல் பழையகாயலே என்பது கால்டுவெல்லின் முடிவு, காயல்பட்டினமே என்று கொள்வாரும் உண்டு. மூச்சுள்ள மட்டும் நீருக்கடியில் இருந்துவிட்டு மேலே வந்து, சிறிது இளைப்பாறி, மீண்டும் மூழ்கும் குளியாட்களைப் பற்றியும், சுறாக்களை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லி எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு பெற்றவர்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். முத்தின் எடையும் விலையும் அரசனுக்குச் சேர வேண்டிய பங்கும் நூற்றாண்டுதோறும் எழுதி வைக்கப்பட்டன. ஆனால் அந்த முத்தை எடுக்கக் கடலடியில் செலவான ஒரு நிமிடத்தில் மனித உடலுக்குள் என்ன நடந்தது என்பதை அறிய, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஒரு நிமிடத்தைப் புரிந்துகொள்வதற்கு முன், உடல் தானாகச் செய்யும் செயல்கள் எவை என்பதைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்வது நல்லது. தேரி மணலில் வெறுங்காலோடு நடப்பவர் உடைமுள்ளை மிதித்தால், வலி என்று உணர்வதற்கு முன்பே கால் மேலே எழுந்துவிடுகிறது. முள் குத்திய செய்தி தோலிலிருந்து முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்துக்குச் சென்று, அங்கிருந்தே தசைக்கு ஆணையாகத் திரும்புவதே இதற்குக் காரணம். மூளைக்குச் செய்தி போய்ச் சேரும்போது கால் விலகி முடிந்திருக்கும். இவ்வாறு மனத்தின் ஏவலுக்குக் காத்திராமல், ஒரு தூண்டலுக்கு உடல் உடனடியாகக் காட்டும் எதிர்வினையே அனிச்சைச் செயல் எனப்படுகிறது. முழங்காலுக்குக் கீழே மருத்துவர் சிறு சுத்தியலால் தட்டியதும் கால் உதறிக்கொள்வதும் இவ்வகையைச் சேர்ந்ததே. எர்ப், வெஸ்ட்பால் என்னும் இரு ஜெர்மானிய மருத்துவர்கள் 1875இல் தனித்தனியே இதை விவரித்த நாள் முதல், நரம்புகளின் நலத்தை அறியும் எளிய சோதனையாக இது பயன்பட்டு வருகிறது.

கால் உதறுவதைக் கண்ணால் காணலாம். கண்ணுக்குத் தெரியாத அனிச்சைச் செயல்களோ உடலுக்குள் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கின்றன. இதயத்தின் வேகம், இரத்தக் குழாய்களின் அகலம், குடலின் அசைவு ஆகியவற்றைத் தானியங்கு நரம்பு மண்டலம் என்னும் தனி அமைப்பு ஆள்கிறது. இதில் பரிவு நரம்புகள் என்னும் பிரிவு ஆபத்தின்போது உடலை முடுக்கிவிட, மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து மார்பு வழியாக வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பு பெரும்பாலும் அடக்கும் வேலையைச் செய்கிறது. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்குவதே வழக்கம். நீரில் மூழ்கும் மனிதனிடமோ இவ்விரண்டும் ஒரே நேரத்தில் வலுவோடு செயல்படுகின்றன என்பதே முத்துக்குளிப்பை உடலியல் வரலாற்றில் தனி இடத்துக்கு உயர்த்தும் செய்தியாகும்.

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் கடலடிப் பாறைத் திட்டுகளில் கூட்டமாக வளர்கின்றன. அத்திட்டுகளைக் கடலோர மக்கள் 'பார்' என்று அழைக்கின்றனர். தோணியின் பக்கவாட்டில் நீரில் நிற்கும் குளியாள், கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் பதித்து, மூச்சை உள்ளிழுத்து, மூக்கைப் பிடித்துக்கொள்ள, கயிற்றைத் தளரவிட்டதும் கல்லின் எடை அவரைச் சில விநாடிகளில் அடித்தளத்தில் சேர்த்துவிடும். கல் உடனே மேலே இழுக்கப்படும். குளியாள் தரையோடு தரையாகப் படிந்து சிப்பிகளை வலைப்பையில் அள்ளிக்கொண்டு மற்றொரு கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் இழுத்துவிடுவார். பரதவரும் கடற்கரை முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த இத்தொழிலில் ஒரு மூழ்கல் பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டியே அமைந்தது. ஒன்றரை நிமிடத்தைத் தாண்டுவது அரிது. அந்த நிமிடம் ஒரு நாளில் பலமுறை, பல பாகம் ஆழத்தில் திரும்பத் திரும்ப வந்தது என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் அதன் கடுமை விளங்கும். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அளவு, ஏறத்தாழ ஆறு அடி.

முகம் நீருக்குள் சென்று மூச்சு நின்றதும் முதல் மாற்றம் தொடங்குகிறது. நெற்றி, கண்களின் ஓரம், மூக்கைச் சுற்றிய தோல் ஆகிய இடங்களில் பரவியுள்ள முக்கிளை நரம்பின் முனைகள் நீரின் தொடுகையையும் குளிர்ச்சியையும் உணர்ந்து முகுளத்துக்குத் தெரிவிக்கின்றன. முகுளம் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. பழக்கமில்லாதவரிடமே பத்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை துடிப்பு குறையும், பயிற்சியுள்ளவரிடம் இன்னும் கூடுதலாகக் குறையும். அதே வேளையில் பரிவு நரம்புகள் கை, கால், தோல், குடல் ஆகியவற்றின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், நுரையீரலிலும் இரத்தத்திலும் எஞ்சியிருக்கும் ஆக்சிஜன் மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் போய்ச் சேருகிறது. வறட்சிக் காலத்தில் குளத்தின் மடைகளை அடைத்துக் குடிநீருக்கு மட்டும் ஒரு மடையைத் திறந்துவைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. இந்தத் தொகுப்பையே அறிவியலாளர் 'மூழ்கல் அனிச்சை' என்கின்றனர்.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. இந்த அனிச்சை குளிர்ந்த நீரில்தான் வலுவாக எழுகிறது; மன்னார் வளைகுடாவின் நீரோ முத்துக்குளிப்பு நடைபெறும் இளவேனிற் காலத்தில் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆகவே குளிர்கடலில் மூழ்குவோருக்குக் கிடைக்கும் அளவு உதவி இப்பகுதிக் குளியாட்களுக்கு முகத்தின் வழியாகக் கிடைத்திருக்க முடியாது. எனினும் மூச்சை அடக்குவதே தனியாக இதயத்துடிப்பைக் குறைக்க வல்லது. பழக்கம் அக்குறைவை ஆழப்படுத்துகிறது. தொழிலின் முறையும் உடலுக்கு ஒத்துழைத்தது. கல்லின் எடையால் இறங்குவதும் கயிற்றால் இழுக்கப்பட்டு ஏறுவதும் தசைகளின் உழைப்பைக் குறைத்து, இருந்த ஆக்சிஜனைச் சிப்பி பொறுக்கும் அந்தச் சில விநாடிகளுக்கு மிச்சப்படுத்தின. உடலியல் நூல் எதுவும் இல்லாத காலத்தில் உருவான இந்த ஏற்பாட்டின் நுட்பம் வியப்புக்குரியது.

இந்த அனிச்சையை ஆய்வகத்தில் முதலில் தெளிவாகப் பதிவு செய்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர்ட். நீரில் அமிழ்த்தப்பட்ட வாத்தின் இதயத்துடிப்பு சட்டென்று குறைவதை அவர் 1870இல் வெளியிட்டார். 1930களிலும் 1940களிலும் லாரன்ஸ் இர்விங், பெர் ஷோலாண்டர் ஆகியோர் கடல்நாய்களிடம் இதை விரிவாக ஆராய்ந்தனர். பின்னர் மனிதரிடமும் இது உண்டா என்று அறிய விரும்பிய ஷோலாண்டர் குழுவினர் சென்ற இடம், ஆஸ்திரேலியாவின் வடமுனையில் உள்ள டாரஸ் நீரிணை. அவர்கள் சோதித்தது அங்கிருந்த முத்துக்குளிப்போரை. 1962இல் வெளியான அந்த ஆய்வு, மூழ்கியவரின் துடிப்பு குறைவதைக் காட்டியதோடு, தசைகளில் சேரும் லாக்டிக் அமிலம் அவர் மேலே வந்து மூச்சுவிட்ட பிறகே இரத்தத்தில் பெருகுவதையும் காட்டியது. மூழ்கியிருக்கும்போது கைகால் தசைகளுக்கு இரத்த ஓட்டம் ஏறத்தாழ அடைபட்டிருந்தது என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

உடலின் உதவி இதயத்தோடு நிற்பதில்லை. வயிற்றின் இடப்புறம் விலா எலும்புகளுக்குள் ஒளிந்திருக்கும் மண்ணீரல், சிவப்பணுக்கள் செறிந்த இரத்தத்தைச் சேமித்து வைத்திருக்கும் உறுப்பு. மூச்சை அடக்கி மூழ்குபவரிடம் அது தானாகச் சுருங்கி அந்தச் சேமிப்பை இரத்த ஓட்டத்தில் கலக்கிறது. கொரியாவில் கடலில் மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்களிடம் இச்சுருக்கம் அளக்கப்பட்டுள்ளது. இந்தோனேசியாவில் கடலையே வாழிடமாகக் கொண்ட பஜாவ் மக்களின் மண்ணீரல், அண்டையில் நிலத்தில் வாழும் மக்களுடையதைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு பெரியது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. மூழ்காத பஜாவ் மக்களிடமும் இப்பெருக்கம் காணப்பட்டதால், இது தலைமுறைகளாக மரபணுவில் படிந்த மாற்றம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். கொற்கைக் காலம் தொட்டுக் கடலில் மூழ்கிய குடிகளின் வழிவந்தோர் இன்றும் வாழும் தூத்துக்குடி, காயல், கீழக்கரைக் கரைகளிலும் இத்தகைய ஆய்வு விரிவாக நடத்தப்பட வேண்டும். முத்தைப் பற்றி இவ்வளவு பேசிய தமிழுலகம் அதை எடுத்தவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் அது.

இதே மூழ்கல் அனிச்சை மருத்துவத்திலும் பயன்படுகிறது. காரணமின்றி இதயம் திடீரென மிக வேகமாகத் துடிக்கத் தொடங்கும் ஒருவகைக் கோளாறில், குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, முகத்தில் சில விநாடிகள் பனிக்கட்டிப் பையை வைத்து வேகஸ் நரம்பைத் தூண்டி மருத்துவர் துடிப்பைச் சீராக்குவதுண்டு. மருத்துவமனையில் மட்டுமே செய்யத்தக்க முறை இது.

உடல் தானாகக் காக்கிறது என்று அறிந்தவுடன் அதன் காவலுக்கு எல்லை இல்லை என்று எண்ணிவிடுவது பெரும் ஆபத்து. மூச்சை அடக்கியவருக்குச் சிறிது நேரத்தில் மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பு எழுகிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் தானாகவே உதறிக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்ததே இதற்குக் காரணம் என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் அந்தத் தவிப்பைப் பெரிதும் எழுப்புவது இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவே. மூழ்குவதற்கு முன் பலமுறை வேகவேகமாக மூச்சை இழுத்து விடுபவர் தம் உடலில் ஆக்சிஜனைப் பெரிதாகக் கூட்டிக்கொள்வதில்லை. கரியமில வாயுவை வெளியேற்றி, எச்சரிக்கை மணியைத்தான் அணைத்துவிடுகிறார். தவிப்பு எழுவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இன்றி நினைவு தவறுகிறது. ஆழத்திலிருந்து மேலேறும்போது நீரின் அழுத்தம் குறைய, நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தமும் சரிவதால், மேலே வந்துவிட்டோம் என்று எண்ணும் கடைசிச் சில அடிகளே மிகவும் ஆபத்தானவை. நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள் கிணற்றிலும் குளத்திலும் 'யார் அதிக நேரம் முங்குவது' என்று போட்டியிட்டு இறந்துபோவதன் பின்னணியில் இந்த உடலியல் உண்மை உண்டு.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. முத்துச் சலாபம், அதாவது அரசு அறிவித்து நடத்தும் முத்துக்குளிப்பு, தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு நடக்கவில்லை; ஆனால் சங்குகுளிப்பு தொடர்கிறது. கல்லும் கயிறும் இருந்த இடத்தில் இன்று படகின் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வருகிறது. காற்று தொடர்ந்து கிடைப்பதால் தொழிலாளர் நெடுநேரம் கடலடியில் இருக்க முடிகிறது. அங்கேதான் உடலின் பழைய காவல் கைவிட்டுவிடுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காவதால், காற்றிலுள்ள நைட்ரஜன் மெல்ல மெல்ல இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. ஆழமும் நேரமும் கூடிய பின் விரைந்து மேலேறினால், அது குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளில் கடும் வலியையும் தண்டுவடப் பாதிப்பால் கைகால் செயலிழப்பையும் சில வேளை மரணத்தையும் உண்டாக்குகிறது. இஞ்சின் புகை கம்ப்ரசர் காற்றில் கலந்தால் கார்பன் மோனாக்சைடு நஞ்சு உள்ளே செல்கிறது. மூச்சடைப்பை அறிந்து தவிக்கும் உடலுக்கு நைட்ரஜன் கரைவதை அறியும் உணர்வு கிடையாது. கார்பன் மோனாக்சைடைக் கண்டு மூச்சு திணறுவதும் இல்லை. முள்ளுக்கும் மூழ்கலுக்கும் எதிர்வினை காட்டும் நரம்புகள், மனிதன் நேற்றுச் செய்த இயந்திரத்துக்கு எதிர்வினை காட்டப் பழகவில்லை.

ஆகவே உடல் செய்யாத காவலை மனிதர்தான் செய்ய வேண்டும். கம்ப்ரசரின் காற்றிழுக்கும் வாய் இஞ்சின் புகைபோக்கியிலிருந்து விலகி, காற்று வரும் திசையில் இருக்க வேண்டும். ஆழத்துக்கேற்ப நேரத்தை வரையறுத்து, மேலேறும்போது இடையில் நின்று நின்று ஏறும் பயிற்சியைச் சங்குகுளிப்போர் ஒவ்வொருவருக்கும் அரசும் மீன்வளத் துறையும் அளிக்க வேண்டும். கடலிலிருந்து ஏறிய சில மணி நேரத்துக்குள் மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல் எது வந்தாலும், வலி மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் படுத்துவிடாமல், உடனே ஆக்சிஜன் கொடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்று, கடலில் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். குளத்திலோ கடலிலோ மூச்சடக்கி மூழ்கும் பிள்ளைகள் தனியாக மூழ்காமலும், முன்னதாக வேகமூச்சு விடாமலும் இருக்கும்படி வீட்டுப் பெரியவர்கள் இன்றே சொல்லிவைக்க வேண்டும்.