எஃப் 1 அழுத்தினால்தான் கடை திறக்கும்

எங்க மாமாவுக்கு செஞ்சியில் ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, மேல்மலையனூர் அமாவாசைக்கு நோட்டீஸ், எல்லாம் அங்கேதான் தயாராகும். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். புதுசில் ஜிஎஸ்டி பில் போடலாம், யூடியூப் பார்க்கலாம். இன்னொன்று 2001-ல் அசெம்பிள் பண்ணின பென்டியம் 3. விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன், பேஜ்மேக்கர், பழுப்பேறிப்போன சிஆர்டி மானிட்டர். கடைக்குச் சம்பாதித்துக் கொடுப்பது என்னவோ பழசுதான்.

தினமும் காலையில் அது கறுப்புத் திரையில் 'சிமாஸ் செக்சம் எரர்' என்று சொல்லிவிட்டு நிற்கும். மாமா சாமி படத்துக்குப் பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றி, அப்படியே திரும்பி எஃப் 1-ஐ அழுத்துவார். அதுவும் பூஜையில் ஒரு பகுதின்னே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

"ஏன் மாமா, எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திட வேண்டியதுதானே?"

"நீதான இன்ஜினியரிங் படிக்கிற. மாத்திக் குடு பாக்கலாம்."

செமஸ்டர் லீவ் போன கதை இதுதான். ஆனால் அந்த லீவில் ஒரு விஷயம் தெளிவாச்சு: பழைய கம்ப்யூட்டரில் எது கெட்டுப்போகும்னு நாம நினைக்கிறோமோ, அது கெடுவதில்லை.

முதலில் அந்த எஃப் 1. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி சிஆர்2032 என்று ஒரு பேட்டரி இருக்கும், 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பாற்றுவது அது. பிளக் இணைப்பில் இருக்கும்வரை ஏடிஎக்ஸ் பவர் சப்ளையின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைன் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், பேட்டரிக்கு ஓய்வு. ஆனால் நம்ம ஊர் கடைகளில் ராத்திரி ஷட்டர் இறக்கும்முன் மெயினையே ஆஃப் பண்ணிவிடுவார்கள். அதனால் ராத்திரி பூரா பேட்டரி தேய்கிறது. தீர்ந்துபோனால் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். நேற்று செய்த பத்திரிகை ஃபைல், தேதி வரிசையில் எங்கோ அடியில் போய் உட்காரும். புது பேட்டரி போட ஒரு நிமிஷம். மாமா வருஷக்கணக்கா எஃப் 1 அழுத்திக்கொண்டிருந்தார்.

அடுத்தது வைகாசி முகூர்த்த நேரத்தில் வந்தது. மத்தியானம் ஆனால் மெஷின் உறைந்துபோகும். மவுஸ் நகராது. செஞ்சி வெயில் உங்களுக்குத் தெரியாது. சுற்றி ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூன்று பாறை மலை, பகலெல்லாம் வாங்கின சூட்டை ராத்திரி திருப்பித் தரும். மெயினை நிறுத்தி கேபினெட்டைத் திறந்து பார்த்தால், பிராசஸர் பக்கத்தில் மூன்று எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது.

இது ஏதோ எங்க கடைக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் உலகம் பூரா விற்ற ஏராளமான மதர்போர்டுகளுக்கு இதே கதி; 'கெப்பாசிட்டர் பிளேக்' என்றே பெயர். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் கலவை சரியில்லாவிட்டால் அது அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். வாயு வெளியேறத்தான் தலையில் சிலுவை மாதிரி கீறல் போட்டிருக்கிறார்கள். நல்ல கெப்பாசிட்டருக்கே வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு. அப்போ செஞ்சி மே மாதத்தில் என்ன ஆகும், நீங்களே போட்டுப் பாருங்க.

ரிச்சி தெருவில் வாங்கின 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் கெப்பாசிட்டர், எல்லாம் சேர்த்து ஒரு பிரியாணி காசுக்குள் முடிந்தது. லேபில் பழகின 25 வாட் சால்டரிங் அயர்ன்தான் காலை வாரியது. மதர்போர்டு பல அடுக்கு. கிரவுண்ட் பிளேன் சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் உருகவே உருகாது. 60 வாட் கடன் வாங்கி வந்தபிறகுதான் வேலை நடந்தது. மறுபடி ஆன் செய்தால் டிஸ்ப்ளே வரவில்லை. வியர்த்துவிட்டது. ரேமைக் கழற்றி அதன் தங்க முனைகளை அழிரப்பரால் தேய்த்துப் போட்டேன், வந்துவிட்டது.

கவனித்தீர்களா? பிராசஸர், ரேம் சிப் எதுவும் கெடவில்லை. சுற்றி இருந்ததுதான் கெட்டது. 1984-ல் மத்திய அரசு கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைச் சேகரித்து வைத்திருப்பவர்களுக்கும் இதே அனுபவம்தான்: திடீரென்று புகை வரும், பவர் சப்ளையில் ஒரு ஃபில்டர் கெப்பாசிட்டர் வெடித்திருக்கும், அதை மாற்றினால் நாற்பது வயசு மெஷின் பழையபடி பீப் அடிக்கும்.

விண்டோஸ் 98-க்கு 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்துபோகும் ஒரு பிழை உண்டு. மில்லிசெகண்டை எண்ணும் 32 பிட் கவுண்டர் நிரம்பிவிடும். நம்ம ஊர் கரண்ட் கட் புண்ணியத்தில் மாமா அதைப் பார்த்ததே இல்லை.

சரி, ஹார்டுவேர் முடிந்தது. உண்மையான தலைவலி இனிமேல்தான்.

மாமாவின் தமிழ் சாஃப்ட்வேருக்கு ஒரு பூட்டு உண்டு, பின்னால் பேரலல் போர்ட்டில் செருகும் டாங்கிள். புது கம்ப்யூட்டரில் அந்த போர்ட்டே கிடையாது. யுஎஸ்பி டு பேரலல் கேபிள் வாங்கிப் பார்த்தேன், வீண். அந்த கேபிள் தன்னை ஒரு பிரிண்டர் இணைப்பாக மட்டும்தான் காட்டும். பழைய சாஃப்ட்வேரோ 378 ஹெக்ஸ் என்ற முகவரியில் நேராகப் போய்க் கதவைத் தட்டும். அங்கே யாருமே இல்லை.

ஃபைலை மட்டுமாவது எடுக்கலாம்னு பார்த்தால் ஃபான்ட். பாமினி மாதிரியான பழைய ஃபான்டில் 'தமிழ்' என்று நாம் பார்ப்பது, ஃபைலுக்குள்ளே ஜே, கே, பி, ஓ, செமிகோலன். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஃபான்ட் போனால் தமிழும் போச்சு. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸில் லதா ஃபான்டோடு அது வந்தது விண்டோஸ் 2000-ல்தான். தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது 2010-ல். அதற்குள் மாமா ஒன்பது வருஷம் டைப் அடித்து முடித்திருந்தார்.

மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. நான் அவசரப்பட்டு வெறும் டெக்ஸ்டாக எக்ஸ்போர்ட் பண்ணினேன். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் போட்டிருந்த பட்டமும் தமிழாக மாறி அலங்கோலமாக நின்றது. எந்த எழுத்து எந்த ஃபான்டில் இருந்தது என்ற தகவல் டெக்ஸ்டில் இல்லையே! ஆர்டிஎஃப்பாக எடுத்தால் ஃபான்ட் பெயர் கூடவே வரும். பழைய தமிழ் ஃபான்டில் இருப்பதை மட்டும் மாற்று என்று ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன்.

இவ்வளவு எதுக்குன்னு கேட்கலாம். முடிந்துபோன கல்யாணத்துப் பத்திரிகை யாருக்கு வேண்டும்? அந்த ஹார்ட் டிஸ்க்கில் சுற்றுப்பட்டு கிராமத்துக் கோயில்களின் தல வரலாறு இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் கடையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல, மாமா அப்படியே அடித்தது. சொன்னவர்களில் பலருக்குக் கண்ணீர் அஞ்சலியும் அதே மெஷினில்தான் அடித்தார்.

ஐடிஇ டு யுஎஸ்பி அடாப்டர் போட்டு டிஸ்க்கை முழுசாக இமேஜ் எடுத்துவிட்டேன். தல வரலாறு ஃபோல்டரில் பாதி யூனிகோடுக்கு வந்துவிட்டது. மீதி அடுத்த லீவில்.

போன வாரம் மாமா போன் பண்ணினார். "தம்பி, இப்ப எஃப் 1 கேக்கறதே இல்ல, கம்முனு போயிடுது. காலையில ஒரு மாதிரியா இருக்குடா." ராத்திரி மெயினை ஆஃப் பண்ணாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. பேட்டரி ஒன்று கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.