இரவுச் சோற்றைக் குறைக்கும் முன்

சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் அது 9.7. 2016இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தபோது, லிட்டில் இந்தியாவின் குடும்பங்களுக்கு அது தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை.

அந்தக் குடும்பங்கள் பலவற்றில் முதலில் மாறுவது இரவுச் சாப்பாடு. சோற்றுக்குப் பதில் சப்பாத்தி வரும், அல்லது கேழ்வரகு. இங்கேதான் கணக்கு பிசகுகிறது. வேகவைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 28 கிராம். நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றிலேயே 15 முதல் 20 கிராம் வரை இருக்கும். மூன்று சாப்பிட்டால் ஒரு தட்டுச் சோற்றை நெருங்கிவிடும். கேழ்வரகு மாவில் நார்ச்சத்து கூடுதல்தான், ஆனால் மாவுச்சத்து அரிசியைவிட அதிகம் குறைந்ததில்லை.

மாவுச்சத்தை உண்மையிலேயே குறைப்பதற்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா ஈரச்சந்தையைவிட நல்ல இடம் கிடையாது. மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவித் தோசைக்கல்லில் வாட்டிய வஞ்சிரம் இரண்டு துண்டு, தேங்காய் தூவிய முட்டைக்கோஸ் பொரியல் ஒரு பெரிய கிண்ணம், ஒரு தம்ளர் ரசம். முருங்கைக்கீரை போட்ட முட்டைப் பொடிமாஸ். சைவக்காரர்களுக்குக் குடைமிளகாயோடு வதக்கிய பன்னீரும் பாகற்காயும் மோரும். சுண்டல் நல்லதே, ஆனால் அரைக் கிண்ணத்தில் 20 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருப்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளியே சாப்பிட்டால், வாழையிலையில் ஒரு கரண்டிச் சோற்றோடு நிறுத்திவிட்டுப் பொரியலை மறுபடி கேட்கலாம். ரேஸ் கோர்ஸ் சாலையின் மீன்தலைக் கறியைச் சோறில்லாமலும் ரசித்துச் சாப்பிடலாம்.

பானத்தில் கவனம் தேவை. இனிப்பு மிகுந்த பானங்களுக்கு 'சி', 'டி' என்று தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் விதி 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் வந்தது. சிறு கடைகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே உணவங்காடியில் வாய்விட்டு 'தே ஓ கொசொங்' (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) என்று கேட்பதுதான் வழி.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இன்சுலின் போடுபவரோ, கிளிப்பிசைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவரோ மருந்தின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்தினால், தூக்கத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியவை அறிகுறிகள். சர்க்கரை அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 995ஐ அழைக்க வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் இன்னொரு சிக்கல்: மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டினால் இரத்தத்தில் அமிலம் ஏறலாம், அப்போது சர்க்கரை அளவு சாதாரணமாகவே தெரியலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் காத்திருக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்கள் மீன், முட்டை, பன்னீரைக் கூட்டுவதற்கும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எனவே உணவை மாற்றும் முன் மருந்தின் அளவைப் பேசிவிட வேண்டும். அப்படிக் கேட்பது நோயாளியின் உரிமை, மருத்துவருக்குத் தொந்தரவு அல்ல. பலதுறை மருந்தகங்களில் உணவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். குடிமக்களுக்குச் 'சாஸ்' அட்டை தனியார் மருந்தகத்திலும் நீரிழிவுச் சிகிச்சைக்கு மானியம் தருகிறது, மெடிசேவ் மருத்துவச் சேமிப்புப் பணத்தையும் பயன்படுத்தலாம். 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தில் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம்.

ஞாயிறுதோறும் தேக்காவுக்கு வரும் வேலை அனுமதிச்சீட்டு ஊழியர்களுக்குச் 'சாஸ்' இல்லை. ஆனால் அவர்களுடைய மருத்துவச் செலவை ஏற்பது முதலாளியின் சட்டப்படியான பொறுப்பு. மறுக்கப்பட்டால் மனிதவள அமைச்சிடம் முறையிடலாம்.

நீரிழிவை அடியோடு குணமாக்கும் என்று சொல்லி விற்கும் பொடியையோ மாத்திரையையோ கண்டால் சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தெரிவிக்கலாம். அதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது.