டிஸ்க்கின் அளவைக் கேட்காதீர்கள்

புதிய எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி விண்டோஸ் நிறுவ உட்காருகிறவரை, ‘இந்த டிஸ்க்கில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது, இங்கே நிறுவ முடியாது’ என்று ஒரு செய்தி மறிப்பதுண்டு. விவரம் தெரிந்தவரைக் கேட்டால், பெரும்பாலும் அளவைத்தான் சொல்வார்: இரண்டு டெராபைட்டுக்கு மேல் என்றால் ஜிபிடி, அதற்குள் என்றால் எம்பிஆரே போதும். அதில் பொய் இல்லை. ஆனால் 256 ஜிபி டிஸ்க்கிலும் இதே மறிப்பு வருகிறதே, அதற்கு இந்தப் பதிலில் விளக்கம் இல்லை.

விளக்கம், கணினி விழித்தெழும் விதத்தில் இருக்கிறது. எம்பிஆர் 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டியோடும் டாஸ் 2.0-வோடும் வந்த ஏற்பாடு. அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் 10 எம்பிதான். பவர் பொத்தானை அழுத்தியதும், கணினியை எழுப்பும் பயாஸ், டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படித்து, அதிலுள்ள சிறு நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற கணக்கும் அதே 512 பைட்டுக்குள் 64 பைட்டில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. அதனால்தான் நான்கே வரிகள். ஒவ்வொரு எண்ணுக்கும் 32 பிட் மட்டுமே என்பதால் சுமார் 2.2 டெராபைட்டோடு கணக்கு முடிந்துவிடும். பயாஸின் வாரிசான யுஇஎஃப்ஐ அந்த நிரலைச் சீண்டுவதே இல்லை. எஃப்ஏடி32 முறையில் அமைந்த தனிப் பார்ட்டிஷனைத் தேடிப் போய், அங்குள்ள கோப்பை நேரடியாக இயக்குகிறது. எம்பிஆருக்கு மாற்றான ஜிபிடி இந்த யுஇஎஃப்ஐயின் அங்கமாக வந்தது. விண்டோஸ் இதில் கறார்: யுஇஎஃப்ஐ வழியில் எழுந்தால் ஜிபிடி டிஸ்க்கில்தான் நிறுவும், பயாஸ் வழியில் எழுந்தால் எம்பிஆரில்தான். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு வரிகளில் தெரிவதும், ஒன்றின் முன்னால் மட்டும் யுஇஎஃப்ஐ என்றிருப்பதும் இதனால்தான். எந்த வரியைத் தேர்ந்தீர்களோ அதுவே டிஸ்க்கின் முறையையும் தீர்மானித்துவிட்டது.

அப்படியானால் எதைத் தேர்வது? யுஇஎஃப்ஐ இருக்கிற கணினியில், டிஸ்க் எவ்வளவு சிறியதானாலும், ஜிபிடிதான். விண்டோஸ் 11 யுஇஎஃப்ஐயையே கேட்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஜிபிடி தன் அட்டவணையின் நகலை டிஸ்க்கின் கடைசியிலும் எழுதி வைக்கிறது. பிழை புகுந்திருக்கிறதா என்று பார்க்கச் சரிபார்ப்பு எண்ணும் உண்டு. எம்பிஆரில் அந்த முதல் 512 பைட் கெட்டால் மாற்றுக்கு ஒன்றுமில்லை. (நகல் அட்டவணைக்குத்தான், கல்யாணப் புகைப்படங்களுக்கு இல்லை.)

பழைய கணினிக்கு என்ன வழி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பயாஸ் மட்டுமே உள்ள கணினியில் விண்டோஸ் வேண்டுமென்றால் எம்பிஆர்தான். 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஜிபிடி டிஸ்க்கைப் படிக்கவே தெரியாது. லினக்ஸ் இவ்வளவு கறார் இல்லை: 1 எம்பி அளவில் ஒரு தனிப் பார்ட்டிஷனை ஒதுக்கிவிட்டால், பயாஸ் கணினியிலும் க்ரப் என்ற பூட்லோடர் அதை ஜிபிடி டிஸ்க்கிலிருந்து எழுப்பிவிடும்.

எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்றினால் இருப்பதெல்லாம் போய்விடுமே என்பது அடுத்த பயம். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் ‘கிளீன்’ என்று அடித்தால் போகத்தான் செய்யும், சி மட்டுமல்ல, டியும் சேர்ந்து. இதற்கு அஞ்சியே பலர் பயாஸ் அமைப்புக்குள் போய் லெகசி (பழைய பயாஸ்) முறைக்கு மாறி, செய்தியிலிருந்து தப்பிக்கிறார்கள். அந்தக் குறுக்குவழி விண்டோஸ் 11-க்கு மாறும் நாளில் முட்டுச்சந்தாகிவிடும். விண்டோஸ் ஏற்கெனவே இயங்கும் டிஸ்க்காக இருந்தால், 2017-இல் விண்டோஸ் 10-இன் புதுப்பிப்போடு வந்த எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கோப்புகளை அழிக்காமல் மாற்றித் தரும். மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டெட் பார்ட்டிஷனும் கூடாது. முக்கியமானவற்றை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, முதலில் அதன் ‘வேலிடேட்’ கட்டளையால் சோதித்து, பிறகு மாற்றி, கடைசியாக யுஇஎஃப்ஐ முறையை இயக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்தால் விண்டோஸ் எழாது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.