ஹைட்ரஜன் லாரி: சாலையோரத்தார் அறியவேண்டியவை

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்குப் போகும் பேருந்தும் வேனும் இந்த வழியே வரிசைகட்டும். சமையல் கேஸ் டேங்கரை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஹைட்ரஜன் லாரியைத் தெரிந்தவர்கள் குறைவு. பசுமை ஹைட்ரஜன் திட்டங்கள் பெருகிவரும் காலத்தில் அதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அதில் ஒரே பெரிய தொட்டி இருக்காது. நீண்ட எஃகுக் குழாய்களை அடுக்கிப் பிணைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் வால்வு உண்டு. உள்ளே சுமார் 200 பார் அழுத்தம். லாரி டயரில் இருப்பது ஏறத்தாழ 8 பார்தான். இவ்வளவு அழுத்தியும் ஒரு லாரியில் போவது சுமார் 300 கிலோ ஹைட்ரஜன். மீதி எடையெல்லாம் எஃகு.

ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் நுண்ணிய இடுக்கிலும் கசியும். பொருத்தமில்லாத எஃகை நாளடைவில் நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பிடிக்கும். உடையில் உரசி எழும் மின்பொறியே போதும். பகலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரிவதே அரிது. முன்பெல்லாம் அமெரிக்க ராக்கெட் தளங்களில் ஊழியர்கள் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டே நடப்பார்களாம். நுனி பற்றினால் அங்கே தீ இருக்கிறது என்று பொருள்.

ஆனால் ஒரு நல்ல குணமும் அதற்கு உண்டு. காற்றைவிட 14 மடங்கு லேசு என்பதால், வெட்டவெளியில் கசிந்தால் விறுவிறுவென மேலே போய்க் கலைந்துவிடும். சமையல் கேஸ் அப்படியல்ல. 2012 ஆகஸ்ட் 27 அன்று கண்ணூர் அருகே சாலாவில் டேங்கர் விபத்துக்குள்ளானபோது, காற்றைவிடக் கனமான கேஸ் தரையோடு பரவிச் சுற்றுப்புற வீடுகளை எட்டியது. 20 பேர் மாண்டார்கள். ஹைட்ரஜன் பயங்கரமாவது கூரைக்கடியில். கொட்டகையிலோ பாலத்தின் கீழோ தேங்கினால் ஒரு பொறியிலேயே வெடிக்கக்கூடும்.

கவனம் வேண்டியது வால்விலும் இணைப்பிலும்தான். 2019 ஜூன் 1 அன்று கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில், இப்படிப்பட்ட லாரியில் வாயு நிரப்பும் இடத்தில் கசிந்துதான் வெடித்தது. பராமரிப்பில் ஒரு சின்ன அலட்சியம் போதும்.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஒரு கேஸ் டேங்கர் சுமக்கும் எரிசக்தியை ஹைட்ரஜனாகக் கொண்டுபோக ஏறக்குறைய 20 லாரிகள் வேண்டும். லாரி கூடக்கூட விபத்துக்கான வாய்ப்பும் கூடும். ஆகவே தேவைப்படும் இடத்திலேயே ஹைட்ரஜனைத் தயாரிப்பதுதான் சரியான வழி. நெரிசலான கோயில் ஊர்ச் சாலைகளில், அதுவும் பௌர்ணமி நாட்களில், இந்த லாரிகளை விடவே கூடாது.

ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டியில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அந்தப் பலகையில் அழுத்தப்பட்ட ஹைட்ரஜனுக்கு உரிய எண் 1049. அந்த எண்ணுள்ள லாரி கவிழ்ந்து கிடந்தால், தீ தெரியவில்லையே என்று கிட்டே போகாதீர்கள், செல்போனில் படம் எடுக்க நிற்காதீர்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக வெகுதூரம் விலகிப் போய், 112-ஐ அழைத்து அந்த எண்ணைச் சொல்லுங்கள்.